கணிப்பொறிகள் கட்டி அனுப்பும் மூட்டைகள்

சேலத்தில் லீ பஜார் பக்கமோ, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களிலோ லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். லாரியில் ஏறும் பொருட்கள்தாம் எத்தனை விதம்! ஜவ்வரிசி மூட்டைகள், முட்டை அட்டைகள் அடுக்கிய பெட்டிகள், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கான இரும்புப் பாகங்கள். அலுவலகக் கணக்கில் இவை யாவற்றிற்கும் ஒரே பெயர்தான்: சரக்கு. ஒவ்வொன்றுக்கும் அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், போய்ச் சேர வேண்டிய ஊர் எழுதி ஓர் எல்.ஆர். ரசீது போடுகிறார்கள்.

ஆனால் லோடுமேனுக்கு இவை எல்லாம் ஒன்றல்ல. இரும்பை அடியில் போடுவார். மூட்டையை முதுகில் சுமந்து சென்று அடுக்குவார். முட்டைப் பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி எல்லாவற்றிற்கும் மேலே வைப்பார். 'ஏற்று' என்ற கட்டளை ஒன்றே. அதை நிறைவேற்றும் முறை மட்டும் பொருளுக்குப் பொருள் மாறுகிறது.

கணிப்பொறி நிரல் எழுதுவோரும் இதே ஏற்பாட்டைக் கையாளுகிறார்கள். 'சரக்கு' என்ற பொதுவான வகை ஒன்றை முதலில் வகுக்கிறார்கள். அதன் கீழே முட்டை, ஜவ்வரிசி, இரும்பு என்று உள்வகைகளை அமைக்கிறார்கள். பொது வகையில் இருப்பவை எல்லா உள்வகைகளுக்கும் உண்டு. அவற்றோடு முட்டைக்கு அட்டை எண்ணிக்கை, ஜவ்வரிசிக்கு மூட்டையின் எடை என்று தனித் தகவல்களும் சேரும். நிரலில் 'வாடகை எவ்வளவு?' என்று ஒரே கேள்வியைக் கேட்டால், முட்டை தன் எண்ணிக்கையைக் கொண்டும் ஜவ்வரிசி தன் எடையைக் கொண்டும் விடை சொல்லும். ஒரு பெயருக்குள் பல உருவங்கள் ஒளிந்திருப்பதால் இதைப் பல்லுருவ முறை என்கிறோம். இவ்வாறு தகவலும் செயல்முறையும் சேர்ந்த ஓர் உருப்படிக்குக் கணிப்பொறித் துறையில் ஆப்ஜெக்ட் என்று பெயர்.

தான் முட்டையா ஜவ்வரிசியா என்பது அந்த ஆப்ஜெக்ட்டுக்கு எப்படித் தெரிகிறது? நினைவகத்தில் அதன் தொடக்கத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். தன் வகைக்குரிய செயல்முறைகள் நினைவகத்தின் எந்த இடத்தில் உள்ளன என்று காட்டும் முகவரி அது. ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒரே கணிப்பொறிக்குள் எல்லாம் நடந்து முடியும் வரையில் இதில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை மூட்டை கட்டும்போது வருகிறது.

மூட்டை ஏன் கட்ட வேண்டும்?

ஓர் ஆண்டில் ஒரு கோடி ரசீதுகள் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஊர்வாரியாக வாடகைத் தொகையைக் கூட்ட வேண்டும். ஒரே கணிப்பொறியிடம் கொடுத்தால் நேரம் பிடிக்கும். எனவே பத்துக் கணிப்பொறிகளுக்கு ஆளுக்குப் பத்து இலட்சம் என்று பிரித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் தன் பங்கைப் படித்து முடித்தபின், இராசிபுரத்து ரசீதுகள் யாவும் ஒரு கணிப்பொறியில் சேர வேண்டும், ஆத்தூர் ரசீதுகள் யாவும் மற்றொன்றில் சேர வேண்டும். அப்போதுதான் கூட்டல் முடியும். ஆகவே நடுவில் பெரியதோர் இடமாற்றம் நிகழ்கிறது. கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் என்ற இருவரும் 2004-இல் வெளியிட்ட 'மேப் ரெடியூஸ்' கட்டுரை இந்த முறையை உலகறியச் செய்தது. அதைப் பின்பற்றி 2006-இல் ஹடூப் என்ற இலவச மென்பொருள் பிறந்தது. ஸ்பார்க் போன்றவை பிறகு வந்தன.

ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி வழியே செல்லக்கூடியது பைட்டுகளின் வரிசை மட்டுமே. பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். நினைவகத்தில் ஆங்காங்கே பரவிக் கிடக்கும் ஆப்ஜெக்ட்டை ஒரே வரிசைப் பைட்டுகளாக எழுதுவதற்கு வரிசையாக்கம் என்று பெயர். மறுமுனையில் அந்த வரிசையைக் கொண்டு ஆப்ஜெக்ட்டைத் திரும்பக் கட்டுவது மீளாக்கம்.

இப்போது சிக்கல் புரிகிறதா? நாமக்கல் கணிப்பொறியின் நினைவகத்தில் இருந்த அந்த முகவரி, சேலத்துக் கணிப்பொறிக்குப் பொருளற்ற எண். 'விவரம் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது' என்று உங்கள் வீட்டில் எழுதிய சீட்டைப் பக்கத்து ஊர் வீட்டுக்கு அனுப்புவது போன்றது அது. அங்கே மூன்றாவது அலமாரியில் ஊறுகாய் ஜாடி இருக்கலாம்! எனவே முகவரியை அனுப்பிப் பயனில்லை. அதை விட்டுவிட்டுத் தகவலை மட்டுமே எழுத வேண்டியுள்ளது. முகவரியை விட்டால், 'இது முட்டை' என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது.

வெறும் பைட்டுகளுக்குத் தாமாக எந்தப் பொருளும் இல்லை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 66, 200, 0, 0 என்ற நான்கு பைட்டுகள் வந்து சேர்கின்றன. இவற்றைத் தசமப் புள்ளி எண்ணாகப் படித்தால் சரியாக 100 கிடைக்கும். (இன்றைய கணிப்பொறிகள் பின்பற்றும் உலகப் பொதுமுறையில், 64-ஐ 1.5625-ஆல் பெருக்கிய தொகையாக 100 எழுதப்படுகிறது.) அதே நான்கு பைட்டுகளை முழு எண்ணாகப் படித்தால் 112,04,03,456 கிடைக்கும். எழுத்தாகப் படித்தாலோ, முதல் பைட் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தாகத் தெரியும். மூன்றில் எதுவும் தவறான படிப்பு அல்ல. எந்த வகை என்று அனுப்பியவர் சொல்லாதவரை மூன்றும் சரியே.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில், அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைப்பது என் வழக்கம். மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் செய்தி 1999-இல் நடந்தது. அமெரிக்காவின் நாசா, செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய ஒரு விண்கலத்தை 1998 டிசம்பர் 11 அன்று ஏவியது. அதன் சிறு உந்துபொறிகள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு கணத்தாக்கம் தந்தன என்பதைத் தரையில் இருந்த ஒரு நிரல் கணக்கிட்டுக் கோப்பாக எழுதியது. மற்றொரு நிரல் அதைப் படித்துக் கலத்தின் பாதையைக் கணித்தது. எழுதிய நிரல் பவுண்டு விசை–வினாடியில் எழுதியது. படித்த நிரல் நியூட்டன்–வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு. எண்கள் பிழையின்றித்தான் போய்ச் சேர்ந்தன. எண்ணோடு சேர்ந்து போக வேண்டிய சொல் மட்டும் போகவில்லை. செவ்வாய்க்கு மேலே ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்திற்கு இறங்கிவிட்டது. 1999 செப்டம்பர் 23 அன்று அதனுடன் தொடர்பு அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை.

வகை தெரியாமல் படிப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. அது சத்தமின்றி நடப்பது. பெறும் கணிப்பொறி, வருவதெல்லாம் பொதுவான 'சரக்கு' என்று மட்டும் நினைத்துக்கொண்டு, அனுப்புபவர், பெறுபவர், ஊர் ஆகிய மூன்றையும் படித்துவிட்டு, மிகுதியை அறுத்துத் தள்ளிவிடக்கூடும். முட்டை வந்து சேரும். ஆனால் முட்டையாக அல்ல, பெயரில்லாத ஏதோ ஒரு சரக்காக. வாடகை கேட்டால் எடையைக் கொண்டு சொல்லும். நிரல் நின்றுபோகாது, பிழைச் செய்தி வராது, மாதக் கடைசியில் கணக்கு மட்டும் இடிக்கும். வெளிப்படையாக நின்றுபோகும் நிரலைக் காட்டிலும் இதுவே ஆபத்தானது என்பது என் எண்ணம்.

மூட்டையின் மேல் என்ன எழுதுவது?

மருந்து எளிது: தகவலுக்கு முன்னால் வகையைக் குறித்துவிடுவது. அதை வகைக்குறி என்று அழைப்போம். வகையின் முழுப் பெயரையே எழுதலாம். படிப்பவருக்கு ஐயமே எழாது. ஆனால் செலவைப் பாருங்கள். பெயருக்கு 24 எழுத்துகள் என்றால், ஒரு கோடி ரசீதுகளுக்கு 24 கோடி பைட்டுகள் பெயருக்கே போய்விடும். உள்ளே இருக்கும் தகவலோ ரசீதுக்கு இருபது பைட்டுகள்தாம் இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்! பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒரே பைட்டில் 256 வகைகளைக் குறித்துவிடலாம். ஒரு கோடி ரசீதுக்கு ஒரு கோடி பைட்டுகளே ஆகும்.

எண்ணைப் பயன்படுத்துவதென்றால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில் இருமுனைகளும் உடன்பட்டிருக்க வேண்டும். இதற்கு நம் ஊர்ச் சரக்கிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரசீதுகளில் எச்.எஸ்.என். என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலக நாடுகளின் சுங்கத் துறைகள் கூடி வகுத்து, 1988 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல் எண் அது. ஆத்தூர்ப் பக்கத்து வயலில் விளையும் மரவள்ளிக் கிழங்குக்கு 0714 10. அதை ஆலையில் அரைத்து எடுக்கும் மாவுக்கு 1108 14. அதே மாவை உருட்டி வறுத்தெடுக்கும் ஜவ்வரிசிக்கு 1903 00. ஒரே கிழங்கு, மூன்று வகை, மூன்று எண்கள். சேலத்தில் இந்த எண்ணை எழுதினாலும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எழுதினாலும் பொருள் ஒன்றே.

முட்டைக்கு 0407. (ஓட்டோடு கூடிய முட்டைக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை, லாரியில் ஏற்ற இ-வே பில்லும் தேவையில்லை. ஆனாலும் எண் உண்டு.) இந்த எண்ணை இடமிருந்து வலமாகப் படித்தால் பொது வகையிலிருந்து உள்வகைக்கு இறங்கி வருவதைக் காணலாம். 04 என்பது பால், முட்டை, தேன் போன்றவை அடங்கிய அத்தியாயம். 0407 ஓட்டோடு கூடிய பறவை முட்டை. 0407 21 என்றால் அடைகாப்பதற்கு அல்லாத, புதிய கோழி முட்டை. கடைசி இரு இலக்கங்கள் புரியாத ஒருவர்கூட 'ஏதோ முட்டை' என்ற அளவிலாவது புரிந்துகொண்டு வேலையை நடத்தலாம். நிரலாளர் அமைக்கும் வகைப் படிநிலையும் இதுவும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றே.

எண் கொடுக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. ஹடூப், ஸ்பார்க் போன்றவற்றோடு கிரையோ என்ற வரிசையாக்க நிரலைச் சேர்த்துப் பயன்படுத்துவது உண்டு. வகைகளை அதனிடம் முன்கூட்டியே பதிவு செய்தால், பதிவு செய்த வரிசைப்படி அடுத்தடுத்த எண்களை அதுவே கொடுத்துவிடும். வசதிதான். ஆனால் அனுப்பும் கணிப்பொறியில் முட்டையை முதலிலும் ஜவ்வரிசியை இரண்டாவதாகவும் பதிவு செய்து, பெறும் கணிப்பொறியில் வரிசையை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? முட்டையாகப் புறப்பட்டது ஜவ்வரிசியாகத் திறக்கப்படும். பள்ளியில் வருகைப் பதிவேட்டு எண் போல அது. வகுப்பில் ஒரு மாணவர் புதிதாகச் சேர்ந்து, அகர வரிசையில் திரும்ப எண்ணிட்டால், நேற்று 12-ஆம் எண் வாங்கிய மதிப்பெண் இன்று வேறொருவர் கணக்கில் ஏறும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் எண்ணை நாமே வெளிப்படையாக எழுதிக் கொடுப்பதே நல்லது. கிரையோ அதற்கும் இடம் தருகிறது.

இன்னொன்று. ஒரு வகையை நீக்கிவிட்டால் அதன் எண்ணைப் புதிய வகைக்குத் தரக்கூடாது. கூகுள் 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட 'புரோட்டோகால் பஃபர்ஸ்' முறையில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: நீக்கிய எண்ணை 'ஒதுக்கப்பட்டது' என்று குறித்துவைத்தால், பிறகு யாரும் அதைத் தவறிப்போய்ப் பயன்படுத்த முடியாது. பழைய கோப்புகள் வட்டுகளில் பல ஆண்டுகள் கிடக்கும். அவற்றுள் அந்த எண் பழைய பொருளோடே உறங்கிக்கொண்டிருக்கும் அல்லவா?

வகைகள் காலத்தோடு மாறும் என்பதற்கும் முட்டையே சான்று. 2012-க்கு முன்னால் உலகப் பட்டியலில் முட்டைக்கு உட்பிரிவு இல்லை. எல்லா முட்டைக்கும் 0407 00. 2012 திருத்தத்தில் அடைமுட்டை, புதிய முட்டை, பதப்படுத்திய முட்டை என்று பிரித்தார்கள். இப்போது 2010-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றை இன்றைய நிரல் படிக்கிறது. 0407 00 என்று இருக்கிறது. அது குஞ்சு பொரிப்பகத்துக்குப் போன முட்டையா, கடைக்குப் போன முட்டையா? பதிவில் அந்தச் செய்தியே இல்லை. எந்தக் கணிப்பொறியாலும் அதை வரவழைக்க முடியாது. எனவே பழைய வகையை ஏற்றுக்கொள்ளும் ஓர் இடம் புதிய நிரலில் இருந்தே தீர வேண்டும்.

2009-இல் வெளிவந்த ஆவ்ரோ என்ற முறை இதை வேறு வழியில் அணுகுகிறது. ஹடூப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான டக் கட்டிங் இதை வகுத்தார். கோப்பின் தொடக்கத்தில், கணக்குப் பேரேட்டில் பத்தித் தலைப்பு எழுதுவது போல, உள்ளே வரும் வகைகளின் விவரம் முழுவதும் ஒருமுறை எழுதப்படுகிறது. 'இந்த இடத்தில் முட்டையோ, ஜவ்வரிசியோ, இரும்போ வரலாம்' என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. பிறகு ஒவ்வொரு பதிவிலும், அந்த மூன்றில் எத்தனையாவது என்ற சிறு எண் மட்டும் போதும்: 0, 1 அல்லது 2. படிப்பவர் தம்மிடம் உள்ள விவரத்தையும் கோப்பில் எழுதியவரின் விவரத்தையும் ஒப்பிட்டுப் படிக்கிறார். வரிசை மாறிப்போனாலும் பெயரைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். கோடிக்கணக்கான பதிவுகள் ஒரே கோப்பில் கிடக்கும் இடத்தில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு செய்தியை மட்டும் அனுப்ப வேண்டிய இடத்தில், தலைப்பையும் கூடவே சுமந்து செல்வது கனக்கும்.

அறிமுகமில்லாத மூட்டை

பெறுபவர் கேள்விப்பட்டே இராத வகைக்குறி வந்தால்? சேலத்து நிரலைப் புதுப்பிக்கும் முன்பே நாமக்கல் நிரலில் 'முட்டைத் தூள்' என்று புதிய வகை ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள் என்க. வகைக்குறியோடு, உள்ளே எத்தனை பைட்டுகள் என்ற நீளத்தையும் எழுதியிருந்தால், தெரியாத மூட்டையை அத்தனை பைட்டுகள் தாண்டிவிட்டு அடுத்ததைப் படிக்கலாம். நீளம் எழுதவில்லையென்றால் ஒரு மூட்டை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதன் பின்னால் வரும் அனைத்தும் குழம்பும்.

உங்கள் வீட்டுக் கைப்பேசியிலோ பள்ளிக் கணிப்பொறியிலோ உள்ள பி.என்.ஜி. படக் கோப்புகள் இந்த முறையில் அமைந்தவை. 1996-இல் வரையறுக்கப்பட்டவை. ஒவ்வொரு துண்டிலும் முதலில் நான்கு பைட் நீளம், அடுத்து நான்கு ஆங்கில எழுத்தில் வகைக்குறி, பிறகு தகவல், கடைசியில் வழியில் சிதைந்ததா என்று சோதிக்கும் நான்கு பைட்டுகள். அந்த வகைக்குறியில் ஒரு நுட்பம் உண்டு. முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால், 'இதைப் புரிந்துகொள்ளாமல் படத்தைக் காட்டாதே' என்று பொருள். சிறிய எழுத்தாக இருந்தால், 'தெரியாவிட்டால் தாண்டிப் போகலாம்' என்று பொருள். புதிய வகையைச் சேர்ப்பவர், பழைய நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதையும் குறியிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார். மிக அழகிய ஏற்பாடு!

மேலும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. வகைக்குறியில் முழுப் பெயரை எழுதி, அந்தப் பெயருள்ள எந்த வகையையும் பெறும் கணிப்பொறி கேள்வி கேட்காமல் கட்டி எழுப்பும் முறை சில மொழிகளில் உண்டு. ஜாவாவில் 1997-இலிருந்து உள்ள வரிசையாக்கம் அத்தகையது. ஒரு வகையைக் கட்டி எழுப்பும்போதே அதற்குரிய செயல்கள் சில நடந்துவிடும். அப்படியானால், தீய எண்ணம் உடைய ஒருவன் முட்டை ரசீது என்ற பெயரில் வேறு வகைகளின் பெயர்களைப் பொருத்தமாகக் கோத்து அனுப்பினால், பெறும் கணிப்பொறி அவன் விரும்பிய வேலையைத் தானே செய்து முடிக்கும்! கோட்டைக் கதவைத் திறக்கும் வேலை உள்ளிருக்கும் காவலனாலேயே நடக்கிறது. இந்த வழியை அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் 2015-இல் செய்து காட்டிய பிறகு, பல நிறுவனங்கள் பயன்படுத்திவந்த நிரல்களில் இதே ஓட்டை இருப்பது தெரியவந்தது. பைத்தான் மொழியின் 'பிக்கிள்' முறையும் இப்படிப்பட்டதே. நம்பத்தகாத இடத்திலிருந்து வரும் தகவலை அதைக் கொண்டு திறக்கக் கூடாது என்று அம்மொழியின் கையேடே எச்சரிக்கிறது. நீங்கள் பள்ளியில் பைத்தான் கற்பவராக இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து, புக்கிங் அலுவலகத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் வைப்பது போன்றது. இந்த வாசலில் திறக்கப்படும் வகைகள் இவை மட்டுமே: முட்டை, ஜவ்வரிசி, இரும்பு. வரும் வகைக்குறி அந்தப் பட்டியலில் இருந்தால் கட்டி எழுப்பலாம். இல்லையென்றால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் கட்டை அவிழ்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு, 'இன்ன நேரத்தில், இன்ன இடத்திலிருந்து, இன்ன பெயரில் வந்தது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். ஜாவாவில் 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து இந்தப் பட்டியலை வைக்க மொழியிலேயே வசதி செய்யப்பட்டுள்ளது; ஆனால் பட்டியலை எழுதி வைக்க வேண்டியவர் நிரலாளர்தாம்.